ஸ்லைடு ரோலைத் ‘தப்பாக’ கழுவினால் முகம் என்ன ஆகும்? இன்ஸ்டா ஃபில்டருக்குப் பின்னால் ஒரு கெமிக்கல் கதை

இன்ஸ்டாகிராமில் ஆரம்பத்திலிருந்தே இருப்பவர்களுக்கு ‘எக்ஸ்-ப்ரோ 2’ என்ற ஃபில்டர் ஞாபகம் இருக்கும். 2010-ல் அந்த ஆப் வந்தபோது கூடவே வந்தது. போட்டோவின் ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் மட்டும் பளீர். நிழலில் லேசான நீலம், வெளிச்சத்தில் லேசான மஞ்சள். மொட்டைமாடியில் எடுத்த செல்ஃபிகூட ஏதோ ஆல்பம் அட்டை மாதிரி ஆகிவிடும்.

அந்த ‘எக்ஸ்-ப்ரோ’ எதன் சுருக்கம் தெரியுமா? ‘கிராஸ் ப்ராசஸிங்’. ஒரு வகை ஃபிலிமை, அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வகை ஃபிலிமின் கெமிக்கலில் கழுவுவது. ஒரு காலத்தில் லேப்காரர் தெரியாமல் செய்தால் திட்டு வாங்கும் வேலை. பிறகு அதையே வேண்டுமென்று செய்து காசு வாங்கினார்கள். அதற்கும் பிறகு அது போனில் ஒரு பட்டன் ஆகிவிட்டது.

இப்போது சக்கரம் திரும்பியிருக்கிறது. ஃபிலிம் கேமராவுக்கு மறுபடியும் மவுசு. பரணில் கிடந்த யாஷிகாவை எடுத்துத் துடைத்து, ஆன்லைனில் ரோல் வாங்கி, ஊருக்குப் போகும்போது வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து படம் எடுக்கும் ஐடி இளைஞர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை: “ஸ்லைடு ரோல்ல போர்ட்ரெய்ட் எடுத்து, கிராஸ் ப்ராசஸ் பண்ணா எப்படி இருக்கும்?”

அழகாக இருக்கும். ஆனால் யாரை எடுக்கிறீர்கள், அந்தப் படம் எதற்கு என்பதைப் பொறுத்து அது பெரிய வருத்தமாகவும் முடியலாம். போனில் ஃபில்டர் பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். டேங்கில் போட்ட ரோலைத் திரும்பக் கழுவ முடியாது.

இந்தக் கதைக்குத் திருவண்ணாமலையை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க செல்ஃபி எடுக்கும் ஊர் என்பதால் அல்ல. தமிழ்நாட்டில் எடுத்த முகப்படங்களில் உலகம் முழுக்கச் சுவர்களில் தொங்குகிற ஒன்று இந்த ஊரில் எடுத்தது. அந்தப் படத்துக்குப் பிறகு வருவோம்.

ஸ்லைடு என்றால் என்ன?

உங்க அப்பா அம்மாவிடம் ‘ஸ்லைடு’ என்று சொல்லிப் பாருங்கள். தியேட்டரில் இடைவேளையின்போது திரையில் வந்து நிற்கும் ஜவுளிக்கடை விளம்பரம்தான் ஞாபகம் வரும். ஸ்லைடு ஃபிலிமும் அந்தக் குடும்பம்தான். பின்னால் விளக்கைப் போட்டால் முன்னால் படம் தெரியும். இதில் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் சுருண்டு கிடந்த அதே ஃபிலிம் துண்டுதான் கடைசியில் படம். வானம் நீலமாகவே இருக்கும், முகம் முகமாகவே இருக்கும்.

கல்யாண ஆல்பத்துக்குப் பயன்பட்ட சாதாரண கலர் ரோல் வேறு. அதில் எல்லாம் தலைகீழ், போதாக்குறைக்கு ஃபிலிம் முழுக்க ஆரஞ்சு நிறம். அதிலிருந்து பேப்பரில் பிரிண்ட் போட்டால்தான் முகம் தெரியும்.

இரண்டையும் கழுவும் முறை வேறு வேறு. ஸ்லைடுக்கு ‘இ-6’ என்ற முறை, 1976-ல் கோடக் கொண்டுவந்தது. இதில் முதல் டெவலப்பர் கலர் பக்கமே போகாது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை மட்டும் கறுப்பு வெள்ளியாக மாற்றும். அதாவது முதலில் உருவாவது ஒரு கறுப்பு-வெள்ளை நெகட்டிவ். அடுத்து ‘ரிவர்சல் பாத்’. வெளிச்சம் படாமல் மிச்சம் கிடக்கும் உப்பிடம் போய், ‘உனக்கும் வெளிச்சம் பட்டாச்சு’ என்று ஏமாற்றுகிற வேலை இதற்கு. அதன்பிறகுதான் கலர் டெவலப்பர் வருகிறது. அது அந்த மிச்ச உப்பு இருக்கும் இடங்களில் சாயம் ஏற்றும். கடைசியில் ப்ளீச்சும் ஃபிக்ஸரும் சேர்ந்து வெள்ளி மொத்தத்தையும் வெளியே எடுத்துவிடும். ஃபிலிமில் நிற்பது சாயம் மட்டும்.

சாதாரண கலர் ரோலுக்கு ‘சி-41’, 1972-ல் வந்தது. இதில் சுற்றி வளைப்பது எதுவும் இல்லை. நேரே கலர் டெவலப்பர், 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 விநாடி. வெளிச்சம் பட்ட இடத்தில் சாயம். பிறகு ப்ளீச், ஃபிக்ஸர், கழுவல், முடிந்தது. 1990-களில் ஊருக்கு ஊர் முளைத்த கலர் லேப்களில் இருந்த மெஷின்கள் இந்த வேலையைச் செய்தவைதான். ஸ்லைடு கழுவ வேண்டுமென்றால் பெரும்பாலும் பெருநகரத்துக்குத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

ஸ்லைடு ரோலை இந்த சி-41 டேங்கில் போட்டால் அதுதான் கிராஸ் ப்ராசஸிங்.

டேங்குக்குள் என்ன நடக்கிறது?

ரிவர்சல் இல்லை. அதனால் ஸ்லைடு தன் ஸ்லைடுத்தனத்தை இழந்து நெகட்டிவ் ஆகிவிடுகிறது. ஆனால் அது நெகட்டிவாக இருப்பதற்கென்று செய்த ஃபிலிம் இல்லையே. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அந்த ஆரஞ்சு நிறம். சாதாரண நெகட்டிவில் அது அழுக்கு இல்லை, ஒரு திருத்தம். ஃபிலிமில் உருவாகும் சாயங்கள் நூறு சதவீதம் சுத்தமானவை அல்ல. மெஜந்தா சாயம் பச்சையை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் நீலத்தையும் சேர்த்துத் தடுக்கும். சியான் சாயத்துக்கும் இதே மாதிரி கோளாறு உண்டு. இந்தத் தவற்றைச் சரிக்கட்டத்தான் ஆரஞ்சு மாஸ்க். ஸ்லைடை யாரும் பிரிண்ட் போடப் போவதில்லை, விளக்கு வைத்துப் பார்க்கத்தான் போகிறார்கள் என்பதால் அதில் மாஸ்க் வைக்கவில்லை. இப்போது அதை நெகட்டிவாக்கிப் பிரிண்ட் போடும்போது, திருத்தாத கலர் அப்படியே வந்து நிற்கும்.

அடுத்தது கான்ட்ராஸ்ட். இருட்டு ஹாலில் திரையில் பளிச்சென்று தெரிவதற்காக ஸ்லைடு ஃபிலிமில் கான்ட்ராஸ்ட் அதிகம். சாதாரண நெகட்டிவில் அது வேண்டுமென்றே குறைவு, மீதியைப் பிரிண்ட் பேப்பர் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே உறைப்பான ஸ்லைடை எடுத்து, உறைப்பான பேப்பரில் போட்டால்? காரக்குழம்புக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்ட கதைதான். வெள்ளை வெந்து போகும், கறுப்பு அடைத்துக்கொள்ளும், நடுவில் இருக்கும் நயமான தொனிகள் காணாமல் போகும்.

மூன்றாவதுதான் முகப்படத்துக்கு முக்கியம். கலர் ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு வெளிச்சத்துக்குத் தனித்தனி அடுக்குகள். இ-6 முறையில் சாயம் ஏற்றும் கெமிக்கலுக்குப் பெயர் சிடி-3. சி-41 முறையில் சிடி-4. ஸ்லைடின் மூன்று அடுக்குகளும் சிடி-3-க்காக அளந்து வைத்தவை. அதற்குப் பதில் சிடி-4 வந்தால் மூன்றும் ஒரே வேகத்தில் வேலை செய்யாது. விளைவு, நிழலில் ஒரு நிறம் தூக்கலாக, வெளிச்சத்தில் அதற்கு எதிர் நிறம் தூக்கலாக வரும். இதை ‘கிராஸ்ஓவர்’ என்பார்கள். படம் முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் ஏறியிருந்தால் பிரிண்ட் போடும்போது மஞ்சளைக் குறைத்துவிடலாம். கன்னத்தின் ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சை என்றால் ஒன்றைச் சரிசெய்ய மற்றது கெடும்.

எந்த ஃபிலிம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு ரசிகர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. கோடக்கின் எக்டாக்ரோம் வகைகள் பெரும்பாலும் மஞ்சள்-பச்சை. ஃபியூஜி வெல்வியா 100 சிவப்பு-மெஜந்தா. பழைய அக்ஃபா ப்ரெசிசா நீலம். ஆனால் ரோல் எவ்வளவு பழசு, எங்கே வைத்திருந்தார்கள், லேபில் கெமிக்கல் எவ்வளவு தேய்ந்திருந்தது என்பதெல்லாம் சேர்ந்து இந்தக் கணக்கைக் கலைக்கும். இரண்டு ரோல் ஒரே மாதிரி வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

இதைப் போய் ஏன் விரும்பினார்கள்?

1980, 90-களில் லண்டன், நியூயார்க் ஃபேஷன் பத்திரிகைகளிலும் பாட்டு ஆல்பம் அட்டைகளிலும் இந்தத் தோற்றம் பரவியது. 1992-ல் வியன்னாவில் தொடங்கிய லோமோகிராஃபி கூட்டம் அதைச் சாதாரண ஆட்களிடம் கொண்டுபோனது. சினிமாவிலும் வந்தது. 1999-ல் வெளியான ‘த்ரீ கிங்ஸ்’ படத்தில், வளைகுடாப் போர் நடக்கும் பாலைவனத்துக்கு ஒரு வெறிபிடித்த நிறம் வேண்டுமென்று ஒளிப்பதிவாளர் நியூட்டன் தாமஸ் சிகல் எக்டாக்ரோம் ஃபிலிமில் எடுத்து, நெகட்டிவ் கெமிக்கலில் கழுவ வைத்தார். நெகட்டிவ் வீணானால் யார் பொறுப்பு என்று லேப்கள் தயங்கின. ஹாலிவுட் பட்ஜெட்டுக்கே அந்தத் தயக்கம் என்றால், நம்ம 36 படத்துக்கு நாமேதான் இன்ஷூரன்ஸ்.

ஸ்டூடியோ முகப்படத்தில் இதன் கவர்ச்சி வேறு மாதிரி. வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுத்து எடுத்தால், தோலின் வெளிச்சப் பகுதிகள் வெள்ளையில் கரைந்துவிடும். முகப்பரு, குழி, சுருக்கம் எதுவும் தெரியாது. உதடும் கண்ணும் முடியும் மட்டும் மிஞ்சும். பீங்கான் பொம்மை முகம். டச்-அப் செய்யாமலே டச்-அப்.

இங்கே ஒரு கேள்வி. யாருடைய தோல்?

மாநிறத்தில் அது பீங்கான் ஆகாது

வெள்ளையரின் தோல், கேமராவின் மீட்டர் ‘நடுத்தரம்’ என்று நினைக்கும் சாம்பல் நிறத்தைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. ஒரு ஸ்டாப் கூட்டினாலே அது மேல்விளிம்பைத் தொட்டுவிடும், நிறமெல்லாம் வெளுத்துவிடும். நம்ம மாநிறம் அந்த நடுச் சாம்பலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கறுப்பு அதற்கும் ஒரு படி கீழே. நிறப்பிசகு கண்ணில் நன்றாகத் தெரிகிற இடமே அந்த நடுத் தொனிதான். லண்டன் மாடலின் முகத்தில் வெளுப்பில் மறைந்துபோன பச்சை, நம்ம முகத்தில் அப்படியே தங்கும். கன்னத்தில் மஞ்சள் ஏறி, தாடையின் கீழே பச்சை இறங்கி நிற்கும் படத்தைப் பாட்டி பார்த்தால், “என்னடா, மஞ்சக்காமாலை வந்தவ மாதிரி எடுத்து வச்சிருக்க” என்றுதான் கேட்பார். அவர் கேட்பது நியாயம்.

அந்தப் பீங்கான் பளபளப்பு மாநிறத்திலும் வேண்டுமென்றால், வெளிச்சத்தை இன்னும் ஏற்ற வேண்டும். அதாவது ஆளை வெள்ளையாக்க வேண்டும். இது நமக்குப் புதிதில்லை. கறுப்பு-வெள்ளைக் காலத்தில் நம்ம ஊர் ஸ்டூடியோக்களில் டச்சிங் என்று ஒரு தனி வேலையே இருந்தது. நெகட்டிவில் முகம் இருக்கும் இடத்தில் கூர்மையான பென்சிலால் மெல்ல மெல்லத் தீற்றுவார்கள். நெகட்டிவில் எங்கே கறுப்பு ஏறுகிறதோ, பிரிண்டில் அங்கே வெளுப்பு வரும். சுருக்கம் மறையும், அம்மைத் தழும்பு மறையும், கூடவே நிறமும் ஒரு படி ஏறும். ‘கொஞ்சம் கலரா போட்டுக் குடுங்க’ என்று கேட்டு வாங்கிய படங்கள் நம்ம வீட்டு ஆல்பங்களிலேயே இருக்கும். பெண் பார்க்க அனுப்பிய படமென்றால் கேட்கவே வேண்டாம்.

ஃபிலிம் செய்த கம்பெனிகளும் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளைகள் அல்ல. லேப்களில் கலர் சரியாக வருகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க கோடக் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். பல பத்தாண்டுகளுக்கு அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். முதலில் அதற்குப் போஸ் கொடுத்தவர் பெயரை வைத்து அதற்கு ‘ஷர்லி கார்டு’ என்றே பெயர். ஷர்லியின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். கனடாவின் லோர்னா ராத் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அடர் பழுப்புகளை ஃபிலிம் சரியாகக் காட்டுவதில்லை என்று சாக்லெட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்பவர்களும் புகார் சொன்ன பிறகுதான் கோடக் அந்தப் பக்கம் தீவிரமாகக் கவனம் செலுத்தியது என்பது அவர் சொல்லும் செய்தி. பல நிறத்தவர் சேர்ந்திருக்கும் கார்டு 1990-களில்தான் வந்தது.

சரியான கெமிக்கலில் கழுவினாலே கதை இப்படி. தப்பான கெமிக்கலில் கழுவும்போது நம்ம தோலுக்கு என்ன ஆகும் என்று அந்த உத்தியைப் பிரபலமாக்கியவர்கள் கவலைப்பட்டிருக்க வாய்ப்பு குறைவு. அதனால் அங்கே எழுதிய குறிப்புகளை அப்படியே எடுத்து இங்கே செய்தால் அதே படம் வராது.

அந்தத் திருவண்ணாமலைப் படம்

திருவண்ணாமலை போனவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். செங்கம் சாலையில் கடைக்குக் கடை சட்டம் போட்டுத் தொங்கும் ரமண மகரிஷியின் முகம். பல படங்கள் உண்டு என்றாலும், அதிகம் பரவியது 1940-களில் பெங்களூரு புகைப்படக்காரர் ஜி.ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம். ‘வெல்லிங் பஸ்ட்’ என்றே அதற்குப் பெயர். பக்தி இருக்கிறதோ இல்லையோ, போட்டோ பிடிப்பவர்கள் ஒருமுறை அதைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

வெள்ளை முடி, வெள்ளைத் தாடி, மாநிறத் தோல், சட்டை இல்லாத தோள். ஒரு ஃபிலிமுக்கு இதைவிடக் கஷ்டமான சேர்க்கை கிடையாது. தாடியைக் காப்பாற்றினால் தோல் இருண்டுவிடும், தோலைத் தூக்கினால் தாடி வெந்துவிடும். அந்தப் படத்தில் இரண்டும் இருக்கின்றன. தாடியில் இழை தெரிகிறது, தோல் தோலாகவே இருக்கிறது, கண்ணுக்குள் வெளிச்சம் நிற்கிறது. மென்மையான வெளிச்சமும், கான்ட்ராஸ்ட் குறைவான நெகட்டிவும் இருந்தால்தான் இது நடக்கும். இதையே ஸ்லைடில் எடுத்து சி-41-ல் கழுவியிருந்தால் தாடி ஒரு வெள்ளைத் திட்டாகப் போயிருக்கும்.

அந்த ஊருக்கு அந்த ஆண்டுகளில் பெரிய கேமராக்காரர்கள் பலர் வந்தார்கள். 1949-ல் அமெரிக்க ‘லைஃப்’ பத்திரிகைக்காக எலியட் எலிசோஃபன் வந்தார். 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோது, ஆன்றி கார்த்தியே-பிரெசோன் அங்கேதான் இருந்தார். வானத்தில் ஒரு ஒளிக்கீற்று மலையை நோக்கிப் போனதைப் பார்த்து, கடிகாரத்தில் 8.47 என்று குறித்துக்கொண்டதாக அவர் சொன்னது ஆசிரம நூல்களில் இருக்கிறது. கேமராவால் உலகப் புகழ் பெற்ற அவர், ஃபிலிம் கழுவும் வேலையை லேபிடம் விட்டுவிடுகிற ஆள். டேங்குக்குள் வித்தை காட்டுவதில் அவருக்கு ஆசையே இருந்ததில்லை.

இதைச் சொல்லக் காரணம், முகப்படம் நம்ம ஊரில் என்னவாகிறது என்பதுதான். வீட்டில் பெரியவர்களை ஸ்டூடியோவில் உட்கார வைத்து எடுக்கும் படம் பெரும்பாலும் ஒருநாள் மாலை போட்டுச் சுவரில் மாட்டும் படமாகிவிடுகிறது. அப்போது பேரன் பேத்திகளுக்குத் தெரிய வேண்டியது தாத்தாவின் நிஜ நிறம், நெற்றிச் சுருக்கம், காதோர முடி. 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்களைத் தேடித் திரட்டி, டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தின் கீழ் செய்தது. காரணம் எளிது. ஸ்டூடியோக்கள் மூடும்போது நெகட்டிவ்களும் கூடவே குப்பைக்குப் போகின்றன. ஊட்டியில் 1967-லிருந்து ‘இந்து’ ஃபிலிம் செய்த அரசுத் தொழிற்சாலையும் இன்று இல்லை. ஆனால் அப்போது எடுத்த கறுப்பு-வெள்ளை நெகட்டிவில் இருப்பது வெள்ளி. பத்திரமாக வைத்தால் பல தலைமுறை தாங்கும். கலர் ஃபிலிமில் இருப்பது சாயம், அது மங்கும். கிராஸ் ப்ராசஸ் செய்த ஃபிலிமில் இருப்பதோ அதற்கென்று வடிவமைக்காத கெமிக்கலில் உருவான சாயம். 50 ஆண்டு கழித்து அது எப்படி இருக்கும் என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது.

சரி, ஆசை விடவில்லை. எப்படி எடுப்பது?

முதல் விஷயம், ரோல். பெட்டியில் ‘இ-6’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். கோடக் 2012-ல் ஸ்லைடு ஃபிலிமையே நிறுத்தி, 2018-ல் எக்டாக்ரோம் இ100-ஐத் திரும்பக் கொண்டுவந்தது. ஃபியூஜியில் வெல்வியாவும் ப்ரோவியாவும் உண்டு. மூன்றுமே விலை அதிகம். காலாவதியான ரோல் மலிவாகக் கிடைக்கும், கிராஸ் ப்ராசஸுக்கு அது போதும்.

பழைய பீரோவில் ‘கோடாக்ரோம்’ ரோல் கிடைத்தால் மட்டும் தயவுசெய்து சி-41 லேபில் கொடுக்காதீர்கள். அந்த ஃபிலிமுக்குள் கலர் உருவாக்கும் பொருளே கிடையாது, அது கழுவும்போது கெமிக்கல் வழியாகத்தான் சேரும். அதற்கான கடைசி லேப், அமெரிக்காவின் கான்சஸ் மாகாணத்தில் இருந்தது, 2010 டிசம்பர் 30-ஓடு ரோல் வாங்குவதை நிறுத்திவிட்டது. அதன் முதுகில் இருக்கும் கரிப்பூச்சு கழன்று லேப்காரரின் டேங்கையும் நாசமாக்கும். சினிமா ஃபிலிமைத் துண்டாக்கிச் சுற்றி விற்கும் ரோல்களிலும் இந்தக் கரிப்பூச்சு இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்தான் இங்கே எல்லாம். ஃபிலிமே கான்ட்ராஸ்டைக் கூட்டப்போகிறது என்பதால் நீங்கள் அதைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு என்கிற நாடக லைட்டிங் வேண்டாம். பெரிய சாஃப்ட் பாக்ஸ் ஒன்றைக் கேமராவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மக்கோல். ஸ்டூடியோ இல்லையா? காலை ஒன்பது மணிக்குத் திண்ணை நிழலில் உட்கார வைத்தால் அதுவே சாஃப்ட் பாக்ஸ்.

ஐஎஸ்ஓ 100 ரோல் என்றால் மீட்டரில் 50 வைத்து அளக்கலாம், ஒரு ஸ்டாப் கூடுதல். முகத்தை நேராக அளப்பதானால் மேலே சொன்ன கணக்கை மறக்காதீர்கள். ‘தோலை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டு’ என்று ஆங்கில வீடியோக்களில் சொல்வது வெள்ளைத் தோலுக்கு. நாம் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டலாம், உள்ளங்கை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே வெளுப்பு. ஆள் மேல் விழும் வெளிச்சத்தை அளக்கும் கைமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. முதல் ரோலில் ஒவ்வொரு போஸையும் 100, 50, 25 என்று மூன்று விதமாக எடுத்து, ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். யாஷிகா மாதிரி 120 ரோல் கேமராவில் மொத்தமே 12 படம், அதனால் நாலே போஸ்தான் ஆகும்.

உடை விஷயத்தில் வெள்ளை வேட்டி வேண்டாம், பட்டையாகப் பூசிய விபூதியும் அன்றைக்கு வேண்டாம். இரண்டும் வெறும் வெள்ளைத் தீற்றலாகிவிடும். மல்லிகைப்பூகூடச் சிக்கல்தான். அடர் பச்சை, மயில் நீலம், அரக்குப் புடவைகள் இதில் அருமையாக வரும். பச்சை ஏறும் ஃபிலிம் என்றால் பின்னணியையும் பச்சையாகவே வைத்துவிடுங்கள். முகத்தில் ஏறும் பச்சை அப்போது நோயாகத் தெரியாது, அந்த உலகத்தின் நிறமாகத் தெரியும்.

கழுவும் இடத்தில்

சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் ஃபிலிம் கழுவும் சிறு லேப்கள் இன்னும் இருக்கின்றன, கூரியரில் அனுப்பலாம். ‘ஸ்லைடு ரோல், சி-41-ல் கழுவவும்’ என்று ரோல் மேலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இல்லையென்றால் நல்லெண்ணத்தில் முறைப்படி இ-6-ல் கழுவி அனுப்பிவிடுவார்கள். ஸ்கேன் செய்பவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஸ்கேனர் சாஃப்ட்வேர் தானாகவே கலரைச் சரிசெய்யப் பார்க்கும். கிராஸ் ப்ராசஸ் படத்தின் ‘லுக்’ என்று நாம் பார்ப்பதில் பாதி டேங்கில் வருகிறது, மீதி ஸ்கேனரில் வருகிறது. ஒரே நெகட்டிவை இரண்டு பேர் ஸ்கேன் செய்தால் இரண்டு கலரில் வருவது சகஜம்.

வீட்டில் கழுவுகிறவர்களுக்கு நம்ம ஊர் வெயில் ஒரு சலுகை தருகிறது. குளிர் நாடுகளில் கெமிக்கலை 37.8 டிகிரிக்குக் கொண்டுவர ஹீட்டரோடு போராடுவார்கள். மே மாத மதியம் திருவண்ணாமலையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரைப் பிடித்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. சில நேரம் ஆறவைக்க வேண்டியிருக்கும். (கறுப்பு-வெள்ளைக்குத்தான் 20 டிகிரி வேண்டும், அதற்கு ஐஸ் வாங்கி ஓட வேண்டும்.) ஆனால் போர் தண்ணீரில் கடைசி அலசல் செய்தால் உப்புக்கறை முகத்தின் மேலேயே காய்ந்து நிற்கும், அதற்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். பழைய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள், கேனில் சேர்த்து லேப்காரரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. படமெடுக்கும் நாளன்று இரண்டு ரோல் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ஸ்லைடு, ஒன்று சாதாரண கறுப்பு-வெள்ளை. நண்பர்கள், தங்கச்சி, நீங்கள் என்று யார் வேண்டுமானாலும் ஸ்லைடில் பச்சையாகட்டும். தாத்தா நாற்காலியில் வந்து உட்காரும்போது ரோலை மாற்றிவிடுங்கள்.